கேம்பர் வேனில் கொல்லிமலை: அம்மாவுக்காக எடுத்த வண்டி

கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை வைத்துக் கட்டிய வேன், வாடகைக்கு எடுக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் கிடைப்பதெல்லாம் படங்கள்தான். பின்கதவைத் திறந்து வைத்து, மெத்தையில் காலை நீட்டி, எதிரே கடல் தெரிய, உள்ளே மஞ்சள் விளக்கு எரிய எடுத்த படங்கள். அந்த வண்டியில் கழிப்பறை எப்படி இருக்கும், 70 வயதுக்காரர் ராத்திரி 2 மணிக்கு எழுந்து அதற்குள் போய் வர முடியுமா என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. 20 வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார், இரண்டு முழங்காலும் தேய்மானம். கடந்த 6 வருஷமாக அவர் போகும் அதிக தூரம் எங்கள் கடலூருக்குள்ளேயே இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்தான். வெளியூர் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். ஏன்மா இப்படிப் பண்ற என்று கேட்டால், "குடிச்சிட்டு நடு வழியில எங்கடி போய் நிக்கறது?" என்பார். ஒரு முறை சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பகல் முழுக்க அப்படியே இருந்து சாயங்காலம் மயங்கி விழுந்துவிட்டார். அதோடு ஊருக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மலை பார்த்து எத்தனை காலம் ஆச்சு என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் போன தை மாதம் குடியரசு நாள் விடுமுறையை ஒட்டி, நான், வீட்டுக்காரர், 9 வயது பையன், அம்மா என்று 4 பேரும் 4 நாளைக்கு ஒரு கேம்பர் வேன் எடுத்தோம். வண்டி புதுச்சேரியில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துடையது. கடலூரில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. போர்ஸ் டிராவலர் வேனை உள்ளே மாற்றிக் கட்டியது: பின்னால் கட்டில், நடுவில் சின்ன அடுப்பு மேடை, 12 வோல்ட் குளிர்பெட்டி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார், ஓரத்தில் பீரோ அளவில் ஒரு கழிப்பறை. ஓட்டுநரோடுதான் தருவார்கள்.

அவர்களுக்கு முன்னால் இன்னொருவர் நாளுக்கு 2,000 ரூபாய் குறைவாகத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் வெள்ளை நம்பர் பிளேட். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு விட்டு ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்க வாய்ப்பு அதிகம், அதுவும் மலைக்குப் போகிற வண்டி. ஓட்டுநரோடு வந்தால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புதுச்சேரி வண்டி தமிழ்நாட்டுக்குள் ஓடுவதற்கான பர்மிட்டும் வரி ரசீதும் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாங்கள் எடுத்த இடத்தில் எல்லாம் ஒழுங்காக பைலில் போட்டு வைத்திருந்தார்கள், அதற்கு முழு மதிப்பெண்.

டயரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2219 என்றால் 2019-ஆம் வருஷம் 22-வது வாரத்தில் செய்தது. எங்கள் வண்டியில் மற்ற சக்கரமெல்லாம் புதுசு, பின்னால் உள்பக்கம் ஒன்று மட்டும் பழசு. மலைக்குப் போகிறோம், மாற்றிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டதும் முகம் சுளிக்காமல் அன்றைக்கே மாற்றினார்கள். ஆனால் கேட்ட பிறகுதான் மாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் குனிந்து பார்த்தால் படிக்கட்டுப் பட்டை, போல்ட் எல்லாம் கடல் காற்றில் பொரிந்து துரு ஏறியிருந்தது. கடலூரில் ஜன்னல் கம்பி எப்படி உப்பிப் போகும் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஆச்சரியமில்லை. அந்த வண்டி பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடற்கரை ஓரமாக ஒரு ராத்திரி இரண்டு ராத்திரிக்குத்தான் போய் வருகிறது. அது சமதரைக்குத் தயாரான வண்டி. மலைக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை, நாங்கள் பட்ட சிரமம் எல்லாமே அந்த ஒரு இடத்திலிருந்து வந்ததுதான்.

வீட்டுக்காரருக்கு ஊட்டி ஆசை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அது பெரிய கஷ்டமில்லை, ஆனால் கடலூரிலிருந்து அவ்வளவு தூரம் அம்மா உட்கார்ந்து வருவாரா என்ற பயத்தில் ஏற்காடும் கொல்லிமலையும் என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்காரர் முதல் நாள் மாலை புதுச்சேரி போய் ஓட்டுநரோடு வண்டியை எடுத்து வந்தார். டீசலை அங்கேயே நிரப்பிக்கொண்டார், தமிழ்நாட்டை விட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. ஆல்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தி, அலமாரி, கட்டிலுக்கு அடி, கழிப்பறைப் பெட்டி வரைக்கும் திறந்து பார்த்துதான் விட்டார்களாம். இந்த மாதிரி வண்டியில் ஒளித்து வைக்க இடம் அதிகம், அதனால் சோதனையும் அதிகம். அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது, மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் நிறுத்தி விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினோம்.

இப்போது கழிப்பறை. அது பயோ டாய்லெட்டும் இல்லை, ரயிலில் இருப்பது போலவும் இல்லை. மேலே உட்காரும் பகுதி, அதிலேயே கழுவும் தண்ணீர், அடியில் தனியாகக் கழற்றக்கூடிய 20 லிட்டர் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் இழுத்து மூடும் ஒரு பலகை. அடிப்பெட்டியில் நீல நிறத்தில் ஒரு மருந்து ஊற்றி வைக்க வேண்டும், நாற்றம் வராது. உண்மையாகவே வரவில்லை. 4 பேரும் உபயோகித்தால் ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். அதனால் அதை அம்மாவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் பெட்ரோல் பங்க், ஓட்டல் என்று பார்த்துக்கொண்டோம், பையனுக்கு மட்டும் ராத்திரியில் விதிவிலக்கு. நிரம்பியதும் அந்தப் பெட்டியைச் சூட்கேஸ் மாதிரி எடுத்துப்போய் ஒரு சாதாரணக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். ரோட்டோரத்திலோ ஓடையிலோ கொட்டுவது மகா பாவம், அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். இதை நிறுவனத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. "எல்லாம் ஓட்டுநருக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார்கள். ஓட்டுநர் அந்தத் தம்பி பண்ருட்டிப் பக்கம், 30 வயது இருக்கும், எல்லாம் தெரிந்தவர்தான், ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலை அது இல்லை. வீட்டுக்காரர் தானே கையுறை போட்டுக்கொண்டு செய்தார்.

குறை இரண்டு. உள்ளே பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடி இல்லை. முட்டி வலி இருப்பவர்களுக்கு உட்காருவது பெரிதில்லை, எழுந்திருப்பதுதான் பெரிய பாடு. அம்மா ஒரு கையால் கதவு விளிம்பையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துத்தான் எழுந்தார், அந்தக் கதவோ மடக்குக் கதவு, பிடித்தால் கூடவே வருகிறது. இரண்டாவது, வண்டிக்குள் ஏறும் படி. தரையிலிருந்து முழங்கால் உயரம். அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அம்மா காலை வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. விருத்தாசலம், சின்னசேலம் தாண்டி ஆத்தூரில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது முதல் வேலையாக ஒரு மரக்கடையில் கனமான முக்காலி ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினோம். அதன் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்துக் கொடுத்தார் கடைக்காரர், வழுக்காது என்று. இந்தப் பயணத்தில் நான் செலவு செய்ததிலேயே நல்ல செலவு அதுதான்.

ஆத்தூரிலேயே அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தார், அப்புறம் ஒரு காபி. நான் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏற்காடு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது. ஏரிக்கரையில் எங்கே வேண்டுமானாலும் ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அது தவறான தகவல். ராத்திரி 9 மணிக்கு ரோந்து வந்த காவலர் இங்கே தங்கக் கூடாது என்று பணிவாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் 700 ரூபாய்க்கு முற்றத்தில் நிறுத்த விட்டார்கள், குளியலறையும் கொடுத்தார்கள். காப்புக்காட்டுக்குள் ராத்திரி தங்கவே கூடாது, அது சட்டம். மலையில் கேம்பர் வேன் என்றால் காட்டு நடுவில் நிறுத்தித் தூங்குவது என்று நினைத்துப் போகாதீர்கள். யாராவது ஒருவருடைய வாசலில்தான் நிறுத்த வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போன் போட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் எப்படி என்றால், அருமை. கட்டிலில் அம்மாவும் நானும் பையனும், கீழே மடக்கு மெத்தையில் வீட்டுக்காரர். ஜன்னல் துணியை விலக்கினால் விடிகாலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி நகர்வது தெரிந்தது, அம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும். குக்கர் எடுத்துப் போங்கள்.

மறுநாள் ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்துதான் கொல்லிமலைக்கு ஏறும் அந்த 70 கொண்டை ஊசி வளைவு. கிளம்பும் முன் தம்பி இரண்டு விஷயம் சொன்னார். "அக்கா, அந்த டாய்லெட் பொட்டிய இங்கேயே காலி பண்ணிடுங்க, நடுப் பலகைய நல்லா மூடிடுங்க. தண்ணித் தொட்டியிலயும் கால்வாசி போதும், மேல போய் ரொப்பிக்கலாம்." 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அத்தனையையும் முதல் கியரில் எதற்கு மேலே இழுக்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. மூன்றாவதாக ஒன்று சொன்னார், அம்மாவை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னார். இது முக்கியம். வண்டியில் முன்னோக்கிய சீட் பெல்ட்டோடு ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் மூன்று, அவ்வளவுதான். மற்றது எல்லாம் பக்கவாட்டு சோபா. படத்தில் அழகாக இருக்கிற அந்த சோபாவில் மலையேறும்போது உட்காரவே கூடாது. பெல்ட் கிடையாது, வளைவுக்கு வளைவு உடம்பு முன்னும் பின்னும் சாயும், ஐந்தே வளைவில் குமட்டல் வந்துவிடும். நல்லவேளை நாங்கள் 4 பேர்தான். 6 பேர் தூங்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள், தூங்கலாம், மலை ஏற முடியாது. பதிவு செய்யும் முன் எத்தனை பேர் தூங்கலாம் என்று கேட்காதீர்கள், பெல்ட்டோடு முன்னோக்கிய சீட் எத்தனை என்று கேளுங்கள்.

வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பையன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். 14-வது வளைவில் அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த டிராயர் திறந்துகொண்டு முழுசாக வெளியே வந்து விழுந்தது. தட்டு, டம்ளர், கரண்டி, எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டில் எல்லாம் தரையில். பாட்டில் உடைந்து எண்ணெய் வழிந்து கழிப்பறைக் கதவு வரைக்கும் போனது, பையனுடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கத்தி கிடந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் அந்த டிராயருக்கு இருந்தது வீட்டு அலமாரிக்குப் போடுகிற காந்தக் கொண்டி. வீட்டில் அலமாரி ஆடாது. வண்டியில், அதுவும் வளைவில் வண்டியே சாயும்போது, அழுத்தித் திறக்கிற பூட்டுக் கொண்டி போட்டிருக்க வேண்டும். இதில் எனக்கு உண்மையாகவே கோபம். விளக்குக்குச் செலவு செய்தவர்கள் டிராயருக்கு 5 கொண்டி வாங்கியிருக்கலாம். என் துப்பட்டாவையும் கொடிக்கயிறையும் வைத்து எல்லாவற்றையும் இழுத்துக் கட்டினோம், மீதி 56 வளைவையும் அப்படியே ஏறினோம்.

தம்பி ஓட்டியதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார், நடுவில் தடுமாறுவதே இல்லை. மேலேறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, அதைத் தெரியாமல் எதிரே இறங்கி வந்த கார்கள் நடுவில் வந்து நின்றபோதும் அவர் கத்தவில்லை, கையைக் காட்டி நிதானமாகப் பின்னால் போகச் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்கு தம்பி" என்றால், "அந்தப் பக்கம் பாக்காதீங்கம்மா, என் பக்கம் பாத்துப் பேசிக்கிட்டே வாங்க" என்பார். 70-வது பலகை வருவதற்குள் அவருடைய வீட்டுக் கதை முழுக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்டவருக்கு அந்த வண்டியில் படுக்க இடம் இல்லை என்பதுதான் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். ராத்திரியெல்லாம் ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துத்தான் தூங்க வேண்டுமாம், தை மாதக் குளிரில், ஒரு போர்வையோடு. மறுநாள் 70 வளைவு ஓட்டப் போகிறவர் சரியாகத் தூங்கவில்லை என்றால் ஆபத்து நமக்கும்தான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் நாங்கள் தங்கிய வீடுகளில் கேட்டு அவருக்குத் திண்ணையில் பாய், கம்பளி வாங்கிக் கொடுத்தோம். நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

கொல்லிமலை மேலே செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் நாளுக்கு 800 ரூபாய் என்று இரண்டு ராத்திரி. அங்கேதான் மின்சாரம் போனது. பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர், கணக்குப் போட்டால் இரண்டரை யூனிட்டுக்குள். விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜ், குளிர்பெட்டிக்கு நன்றாகவே போதும், கூரையில் வெயில் பட்டால். காபித் தோட்டம் என்றாலே மேலே நிழல் மரம்தான், இரண்டு நாளும் சோலாருக்கு வெயிலே படவில்லை. என்ஜின் ஓடும்போதும் சார்ஜ் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள், அதுவும் ஏறவில்லை. விடிகாலை 3 மணிக்குக் குளிர்பெட்டி ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குள் அம்மாவின் இன்சுலின். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வெளியே இருந்த குளிருக்கு ஒன்றும் ஆகாது, உபயோகத்தில் இருக்கிற இன்சுலின் 25 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பிரிக்காத மருந்தும் இருந்தது, அடுத்த நாள் சமதரைக்கு இறங்க வேண்டும். காலையில் தம்பி தேடிப் பார்த்தால் என்ஜினிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரில் பியூஸ் போயிருந்தது, போய் எத்தனை நாள் ஆனதோ. செம்மேட்டில் ஒரு மெக்கானிக் கடையில் வாங்கிப் போட்டதும் சரியானது. வண்டியை எடுக்கும்போதே என்ஜினை ஓட விட்டு, சார்ஜ் ஏறுவதை மீட்டரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருந்து வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு சின்ன ஐஸ் பெட்டியும் எடுத்துப் போங்கள்.

இதையெல்லாம் மறக்க வைத்தது அந்த இரண்டு நாள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி, அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வேறு எந்த வண்டியில் வந்திருந்தாலும் அவரைத் தனியே விட்டுப் போக மனசு வராமல் யாரோ ஒருவர் காரில் அடைந்து கிடந்திருப்போம். இங்கே கோயிலில் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அம்மா வண்டியில் படுத்துக்கொண்டார், நான் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், பையனும் அப்பாவும் படி இறங்கி அருவியில் குளித்துவிட்டு இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார்கள். அதற்குள் அம்மா ஒரு தூக்கம் தூங்கி, எழுந்து, தானே டீ போட்டு எனக்கும் தம்பிக்கும் கொடுத்தார். ரோட்டோரக் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். பாறையில் வளர்கிற கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரியே மேலே ரோமம், அதைச் சுரண்டி மிளகு சீரகம் தட்டிப் போட்டு வைக்கிறார்கள். முட்டி வலிக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சொன்னதும் எங்கள் அம்மா இரண்டாவது கிண்ணமும் வாங்கினார். வலி குறைந்ததா என்று நான் சொல்ல முடியாது, சூப் அபார ருசி. சோளக்காடு சந்தையில் மிளகும் மலைவாழைப்பழமும் வாங்கினோம்.

இறங்கும்போது முள்ளுக்குறிச்சி வழி. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று தம்பி சொல்லிக்கொண்டே இறக்கினார், நடுவில் ஒரு முறை நிறுத்திச் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். தம்மம்பட்டி, ஆத்தூர், அப்புறம் வந்த வழிதான்.

செலவு: நாளுக்கு 8,500 வீதம் 34,000, ஓட்டுநர் பேட்டா 3,200, டீசல் 6,500, நிறுத்த இடம் 2,300, மொத்தம் 46,000 ரூபாய். காரும் ஓட்டலும் என்றால் இதில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். இளம் ஜோடிகள், நண்பர்கள் கூட்டம் என்றால் மலைக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன், அந்தக் காசுக்கு நல்ல அறையே கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்து, கழிப்பறைக்குப் பயந்தே அவர்கள் எங்கும் வருவதில்லை என்றால், கொடுங்கள், தயங்காதீர்கள். அம்மா 4 நாளும் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தார்.

முன்பணம் 10,000 திரும்பி வர 9 நாள் ஆனது. டிராயர் உடைந்ததற்கு 1,200 பிடித்திருந்தார்கள். வண்டி எடுத்த அன்றே நான் எடுத்து வைத்திருந்த படத்தில் அந்தக் காந்தக் கொண்டி தெரிந்தது, அதை அனுப்பியதும் மறு பேச்சில்லாமல் அதையும் போட்டுவிட்டார்கள். போன வாரம் அவர்களே கூப்பிட்டு, டிராயருக்கெல்லாம் பூட்டுக் கொண்டி மாற்றிவிட்டோம், கழிப்பறையில் கைப்பிடியும் வைத்துவிட்டோம் என்றார்கள். படி மட்டும் இன்னும் மாற்றவில்லையாம். முக்காலி எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, கடலூர்க்காரர்கள் யாராவது அந்த வண்டியை எடுத்தால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.